மரம் எண்ணும் கணக்கு



சந்தையில் ஆப்பிள் வாங்கி வருகிறோம். பிள்ளைகள் விதையை எடுத்து வீட்டுக்குப் பின்னால் ஊன்றுகிறார்கள். சில வேளை அது முளைக்கவும் செய்யும். ஆனால் காய்ப்பதில்லை. "நம் மண்ணில் என்ன குறை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மண்ணில் குறையில்லை. அந்த மரத்துக்கு வேண்டியது குளிர். கேமரன் மலையின் குளிரும் அதற்குப் போதாது. அந்தக் குளிரை எப்படி அளக்கிறார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

ஆண்டின் தொடக்கத்து வறட்சியில் ரப்பர் மரம் இலை உதிர்ப்பதும், அப்போது பால் குறைவதும் நமக்குத் தெரியும். அதைத் துரைமார்கள் 'விண்டரிங்' என்றார்கள். ஆனால் அது வறட்சியால் வருவது. ஆப்பிள், பீச், செர்ரி மரங்களுக்கு உண்மையான குளிர்காலம் உண்டு. இலையை உதிர்த்துவிட்டு மொட்டுகள் உறங்குகின்றன. சனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்தது என்று மரம் விழித்துப் பூத்துவிட்டால், அடுத்து வரும் உறைபனியில் பூவெல்லாம் கருகிப் போகும். ஆகவே, போதிய அளவு குளிரைக் கண்ட பிறகுதான் அது விழிக்க ஆயத்தமாகும்.

இதை அளக்க ஒரு பழைய வழி உண்டு. செல்சியஸ் அளவில் 7.2 பாகைக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு 'குளிர் மணி' என்று எண்ணுவார்கள். பல ஆப்பிள் வகைகளுக்கு 800 முதல் 1000 குளிர் மணி வேண்டும்.

கையில் இருப்பது ஒரு நாளின் உச்ச வெப்பமும் தாழ்ந்த வெப்பமும் மட்டும்தான் என்றால் என்ன செய்வது? தாழ்ந்தது 3 பாகை, உச்சம் 13 பாகை என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 10. வெப்பம் சீராக ஏறி இறங்குகிறது என்று கொண்டால், 7.2-இல் 3 போக 4.2. அதை 10-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 10 மணி. உண்மையில் வெப்பம் அவ்வளவு சீராக ஏறி இறங்குவதில்லை. ஆனாலும் பருவம் முழுவதையும் கூட்டிப் பார்க்க இது ஓரளவு உதவும்.

1974-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆய்வாளர்கள் இதைத் திருத்தினார்கள். அவர்கள் முறையைப் புரிந்துகொள்ள, நம் பெரியவர்கள் சொல்லும் செக்ரோல் கதையை நினைத்துக்கொள்வோம். முழு நாள் வேலைக்கு ஒரு பேர். பாதி வேலைக்கு அரைப் பேர். அதுபோல, 2.5 முதல் 9.1 பாகை வரை இருக்கும் மணிக்கு முழுப் பேர். 9.2 முதல் 12.4 வரை அரைப் பேர். 12.5 முதல் 15.9 வரை பேர் இல்லை. 16 முதல் 18 வரை போனால் அரை வெட்டு. அதற்கும் மேலே போனால் ஒன்று வெட்டு! கடுங்குளிரிலும் முழுப் பேர் கிடைக்காது: 1.5 முதல் 2.4 வரை அரை, அதற்கும் கீழே ஒன்றுமில்லை.

ஒரு நாளில் முழுப் பேர் 10 மணி, அரைப் பேர் 4 மணி, பேரில்லாதது 3 மணி, அரை வெட்டு 5 மணி, முழு வெட்டு 2 மணி என்றால், 10-உம் 2-உம் 12, அதில் 2.5-உம் 2-உம் கழிந்தால் 7.5. இரவு சேர்த்ததைப் பகல் வெயில் தின்றுவிடுகிறது, பார்த்தீர்களா?

குளிர்க் கணக்கு நிரம்பியதும் வெப்பக் கணக்கு தொடங்குகிறது. இது எளிது. உச்சம் 24, தாழ்ந்தது 12, சராசரி 18. அடிப்படை அளவான 10-ஐக் கழித்தால் 8. அன்றைக்கு 8 'பாகை நாள்' சேர்ந்தது. பூச்சிகளின் வளர்ச்சியையும் இப்படியே கணிக்கலாம். ஆப்பிளைத் துளைக்கும் புழுவின் தாய் அந்துப்பூச்சி பொறியில் தொடர்ந்து விழத் தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ 140 பாகை நாள் சேரும்போது, முட்டைகள் பொரியத் தொடங்கும். நாளுக்கு 8 சேர்ந்தால் 18 நாள். 5 சேர்ந்தால் 28 நாள். மருந்தை அந்த வேளையில் அடித்தால் பலன் உண்டு. நாட்காட்டியை மட்டும் பார்த்து அடித்தால் காசும் வீண், மருந்தும் வீண்.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும்? கலிபோர்னியாவில் 2013-14 குளிர்காலம் போதிய குளிரின்றிக் கழிந்தது. 2014-இல் செர்ரி விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. 2015-இல் பிஸ்தாவுக்கு அடி விழுந்தது. பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. குளிர் போதாததால் இரண்டும் ஒரே வேளையில் பூக்கவில்லை. பல கொட்டைகளில் ஓடு இருந்தது. உள்ளே பருப்பு இல்லை. அறுவடை முந்திய ஆண்டின் பாதியளவுக்கு இறங்கியது. செர்ரியைக் கையால்தான் பறிக்கிறார்கள். பழம் இல்லாவிட்டால் பறிக்கிற கைக்கு வேலை இல்லை. அந்த வலி தோட்டத்தில் பிறந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகம் சூடேறச் சூடேற இந்தக் கவலை வளர்கிறது. ஆகவே குறைந்த குளிரே போதுமான வகைகளைத் தேடுகிறார்கள்.

நம் அண்டை நாட்டிலும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கிழக்கு ஜாவாவில் மாலாங் நகருக்கு அருகே பத்து என்னும் மலையூரில் ஆப்பிள் விளைகிறது. அறுவடைக்குப் பிறகு இலைகளைக் கையாலேயே உருவிவிடுகிறார்கள். மரம் ஆழ்ந்து உறங்குமுன் மீண்டும் பூக்கிறது. ஆண்டுக்கு இரண்டு அறுவடை!

பிள்ளைகளே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் எழுதி வாருங்கள். 10-ஐக் கழித்துப் பாகை நாளைக் கூட்டுங்கள். வெண்டை விதைத்த நாளிலிருந்து பூத்த நாள்வரை எவ்வளவு சேர்ந்தது என்று பாருங்கள். அடுத்த முறை விதைக்கும்போது அந்த எண் உங்களுக்கு வழிகாட்டும்.

மரம் பேசுவதில்லை, ஆனால் கணக்கை மறப்பதில்லை. நாமும் எழுதி வைப்போம்.