பஞ்சும் ஒரு செல், காதுக்குள்ளயும் ஒரு செல்

இந்த எபிசோடுல ஏஐ பத்தி எதுவும் கிடையாது, அப்ரைசல் புலம்பலும் கிடையாது. ஸ்கூல் பயாலஜி பேசப் போறோம். வீட்டுல ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா ஸ்பீக்கர்ல போட்டு அவங்களையும் கூப்பிட்டுக்கங்க. அவங்களுக்குப் பரீட்சைக்கு ஆகும். உங்களுக்கு, இதைக் கேட்டுட்டு இருக்குற உங்க காதுக்கு ஆகும்.

செல்லுன்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஒரு படம். வட்டமா ஒண்ணு, நடுவுல நியூக்ளியஸ், சுத்தி மைட்டோகாண்ட்ரியா. கூடவே ஒரு வரி: செல் ரொம்பச் சின்னது, மைக்ரோஸ்கோப் இல்லாம பார்க்க முடியாது. பெரும்பாலான செல்லுக்கு இது சரிதான். ஆனா எங்க ஊருல ஒரு செல்லை ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தே காட்டலாம்.

எங்க ஊர் சோமனூர். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவுல இருக்கு. திருப்பூர்னா பனியன், சோமனூர்னா விசைத்தறி. நூலைக் கொண்டு வந்து கொடுப்பாங்க, கூலிக்குக் காடா துணி ஓட்டிக் கொடுப்போம். பஞ்சு எங்களுக்குப் புதுசே கிடையாது. தலைமுடியில இருக்கும், ஜன்னல் கம்பியில இருக்கும், டீ கிளாஸ்ல மிதக்கும். அந்தப் பஞ்சுல ஒரே ஒரு இழையைப் பிரிச்சு எடுங்க. நூலைச் சொல்லல, நூலைப் பிரிச்சா உள்ள கிடைக்குற இழையைச் சொல்றேன். வெளிச்சத்துல பிடிச்சா கண்ணுக்குத் தெரியும். அந்த இழை முழுக்க ஒரே ஒரு செல்.

பல செல்லை வரிசையா கோர்த்து வெச்ச சங்கிலின்னு நினைச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணுதான். நீளம் சுமார் 25-ல இருந்து 35 மில்லிமீட்டர். அகலம் ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாப் பிரிச்சா அதுல ஒரு பங்குதான், சில சமயம் அதைவிடக் குறைவு. அதாவது அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல நீளம்.

இது எப்படி ஆகுதுன்னு பார்ப்போம். பருத்திப் பூவோட சூலகத்துக்குள்ள சூல்கள் இருக்கும். சூல்தான் பின்னாடி பருத்திக்கொட்டை ஆகும். பூ விரியுற அன்னைக்கு, அந்தச் சூலோட வெளித்தோல்ல இருக்குற செல்கள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணு வெளிப்பக்கமா புடைக்க ஆரம்பிக்கும். ஒண்ணு ரெண்டாப் பிரியாது. ஒண்ணாவே இருந்து நீளும். சைக்கிள் டியூபுக்குக் காத்தடிச்சா எப்படி உப்புதோ, அந்த மாதிரி உள்ள இருக்குற தண்ணியோட அழுத்தம் செல்சுவரைத் தள்ளிக்கிட்டே இருக்கும். மூணு வாரம் போல இப்படி நீளும். அப்புறம் சுவத்துக்கு உள்பக்கமா செல்லுலோஸை அடுக்கடுக்கா பூச ஆரம்பிக்கும். பூ பூத்து ஏறக்குறைய 50 நாள்ல காய் வெடிக்கும். தண்ணி காஞ்சு செல் செத்துப் போகும். குழாய் மாதிரி இருந்தது சப்பையாகி, ரிப்பன் மாதிரி முறுக்கிக்கும்.

இந்த முறுக்குதான் முக்கியம். அது இருக்குறதாலதான் ஒரு இழை இன்னொரு இழையைப் பிடிச்சுக்குது, பஞ்சை நூலா நூற்க முடியுது. இலவம்பஞ்சை எடுத்துக்கங்க. அதுவும் ஒரு செல் இழைதான். ஆனா முறுக்கு இல்லாம வழவழன்னு இருக்கும். அதனாலதான் அது ஸ்பின்னிங் மில்லுக்குப் போகாம தலையணைக்குள்ள போயிடுது.

கோயம்புத்தூர்ல பல தலைமுறை விஞ்ஞானிகள் உழைச்சதே இந்த ஒரு செல்லை இன்னும் கொஞ்சம் நீளமாக்கத்தான்னு சொல்லலாம். எம்சியு பருத்தின்னு எங்க பக்கம் வயசானவங்க சொல்லுவாங்க. மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா, அதோட சுருக்கம் அது. 1974-ல இங்க இருந்து வந்த சுவின் ரகத்தோட இழை 38 மில்லிமீட்டர் அளவுக்குப் போச்சு. சுஜாதாங்கிற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட்ங்கிற ரகத்தையும் சேர்த்து உருவாக்கினது, அதான் சுவின்.

ஆக, நீங்க போட்டிருக்குற காட்டன் சட்டை முழுக்க செத்துப்போன செல்கள். முகம் சுளிக்காதீங்க. 1665-ல ராபர்ட் ஹூக் கார்க் துண்டைப் பார்த்துட்டு முதல் முதலா செல்லுன்னு பேர் வெச்சாரே, அவர் பார்த்ததும் செத்த செல்லோட சுவரைத்தான். செடியோட செல்லுக்குச் சுவர் இருக்கு. உயிர் போனாலும் அந்தச் சுவர் நிக்கும், நூலாகும், வேட்டியாகும்.

மனுசனோட செல்லுக்குச் சுவர் கிடையாது. செத்தா பெரும்பாலும் ஒண்ணும் மிஞ்சாது. அதுக்குப் பதிலா உடம்பு புதுசா செஞ்சுக்குது. குடலோட உள்பக்கத் தோல் நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா புதுசாகுது. ரத்தச் சிவப்பணு 120 நாள் ஓடும், அதுக்குள்ள புதுசு வந்துடும். ஆனா எல்லாச் செல்லுக்கும் இந்த வசதி இல்ல. அப்படி ஒரு செல் நம்ம காதுக்குள்ள இருக்கு. இனி சோமனூர் கதையே அதுதான்.

தறி குடோனுக்குள்ள வந்ததில்லாதவங்களுக்குச் சொல்றேன். பாவு நூலுக்கு நடுவுல நாடா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பறக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டை அதை ஓங்கி அடிச்சு அனுப்பும். நிமிஷத்துக்கு நூறு அடிக்கு மேல, அது ஒரு தறிக்கு. ஒரு குடோன்ல எட்டு, பத்து தறி ஓடும். மேல தகரக் கூரை வேற. சத்தம் சாதாரணமா 90 டெசிபலைத் தாண்டும், 100-ஐ ஒட்டிப் போறதும் உண்டு.

இந்தச் சத்தம் எங்க போகுது? செவிப்பறை அதிரும். சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு குட்டி எலும்பு அந்த அதிர்வை உள்ள கடத்தும். உள்ள நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய், காக்லியா, பட்டாணி அளவுதான் இருக்கும். அதுக்குள்ள திரவம். அந்தத் திரவம் ஆடும்போது வரிசையா நிக்குற முடிச் செல்கள் ஆடும். அதோட உச்சியில இருக்குற நுண்முடிகள் வளையும்போது மின்சிக்னல் உண்டாகி மூளைக்குப் போகும். இவ்வளவுதான் கேக்குறதுங்கிறது.

ஒரு காதுல இந்த முடிச் செல் சுமார் 15,000 இருக்கும். ஒரு பருத்திக்கொட்டை மேல முளைக்கிற இழைங்களும் பத்தாயிரத்துக்கு மேலதான். பருத்தி அடுத்த வெள்ளாமையில திரும்ப முளைச்சுடும். காதுல முளைக்காது. கோழிக்குக் கூட முளைக்கும், தெரியுமா? பறவைகளுக்கு முடிச் செல் செத்தா புதுசா வருதுன்னு 1980-கள் கடைசியில கண்டுபிடிச்சாங்க. நமக்கு, பிறந்தப்ப கொண்டு வந்த ஸ்டாக்தான் கடைசி வரைக்கும். பேக்கப் கிடையாது.

இப்ப ஒரு கணக்கு. அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் சொல்ற அளவு, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2, 94-க்கு 1. இப்படியே போனா 100 டெசிபலுக்கு 15 நிமிஷம். எங்க ஊருல ஷிஃப்ட் 12 மணி நேரம்.

முதல்ல அடி வாங்கறது கீச்சுக் குரலைப் பிடிக்கிற செல்கள், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். பேச்சுல உயிரெழுத்து பெரும்பாலும் கீழ் ஸ்தாயி, ச மாதிரி மெய்யெழுத்துங்க மேல் ஸ்தாயி. அதனால சத்தம் கேக்கும், வார்த்தை புரியாது. காசுன்னு சொன்னீங்களா, காதுன்னு சொன்னீங்களான்னு வித்தியாசம் தெரியாது. எங்க அப்பா முப்பது வருஷத்துக்கு மேல தறி ஓட்டினவர். என் குரல் அவருக்கு ஓரளவு புரியும். பேத்தி பேசினா சிரிச்சுட்டே தலையாட்டுவார். என்ன சொன்னான்னு அப்புறமா அம்மாகிட்ட கேட்டுக்குவார். அவரா டிவி சத்தத்தைக் கூட்டறதை "வயசாச்சு"ன்னு சொல்லி முடிச்சுட்டோம். அவருக்கு ஐம்பது வயசுலயே அப்படித்தான்.

இது எங்க ஊரோட மட்டும் நிக்கல. இங்கிலாந்துல லங்காஷயர் பருத்தி ஆலைகள்ல வேலை செஞ்ச பெண்கள், தறிச் சத்தத்துல பேச முடியாம உதட்டசைவை வெச்சே பேசிக்குவாங்க. அதுக்கு மீ-மாவிங்னு பேரே இருந்துச்சு. சோமனூர்லயும் கையாலயும் கண்ணாலயும்தான் பேச்சு. நூல் அறுந்துடுச்சு, டீ வந்துடுச்சு, முதலாளி வர்றார், எல்லாத்துக்கும் சைகை இருக்கு. சின்ன வயசுல அது எங்களுக்கு ஒரு விளையாட்டு.

ஏன் யாரும் பெருசா எடுத்துக்கல? வலிக்காது, ரத்தம் வராது. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா காது அடைச்ச மாதிரி இருக்கும், ங்கொய்னு ஒரு ரீங்காரம் கேக்கும். தூங்கி எந்திரிச்சா சரியாயிடும். சரியாயிடுச்சுன்னு நாம நினைக்கிறோம். 2009-ல குஜாவா, லீபர்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வெச்சுப் பார்த்தாங்க. கேக்குற திறன் பழைய நிலைமைக்கு வந்த அப்புறமும், முடிச் செல்லையும் நரம்பையும் இணைக்கிற முனைங்க நிரந்தரமா போயிருந்துச்சு.

சட்டம் இருக்கு. இரைச்சலால காது போறதை, முதலாளியும் டாக்டரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோயா 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட அட்டவணை வரிசைப்படுத்தியிருந்துச்சு. ஆனா நாலு பேர் வேலை செய்யுற குடோனுக்கு அந்தச் சட்டம் எட்டல. அங்க நிறைய இடத்துல முதலாளியும் அவரே, தறி ஓட்டறதும் அவரே. 2022-லயும் 2025-லயும் கூலி உயர்வு கேட்டு எங்க பக்கம் தறிங்களை நிறுத்தினாங்க. கூலிக்கே இவ்வளவு போராட வேண்டியிருக்குறப்ப, காதைப் பத்தி யார் பேசறது? அதனால இதை நாம பேசணும், குறிப்பா வீட்டுல இருக்குற ஸ்கூல் பசங்க பேசணும்.

முதல்ல, பஞ்சை உருட்டிக் காதுல வெச்சா போதாதான்னு கேப்பாங்க. போதாது. லூஸான பஞ்சுல காத்து போற இடமெல்லாம் சத்தமும் போகும், ரொம்பக் கொஞ்சம்தான் குறையும். ஃபோம் இயர்பிளக்கை மெல்லிசா உருட்டி, காதை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, அது விரியுற வரைக்கும் அரை நிமிஷம் விரலால பிடிச்சுக்கணும். சரியா வெச்சா 15 டெசிபலுக்கு மேல குறைக்கும். இப்பப் போட்ட கணக்குல 15 டெசிபல்னா அஞ்சு தடவை பாதியாகுது. அதாவது 15 நிமிஷம் 8 மணி நேரமாகுது. அதோட விலை கிட்டத்தட்ட ஒரு டீ காசு.

அடுத்து, ஆடியோகிராம். எங்கெங்க எவ்வளவு போயிருக்குன்னு காட்டற டெஸ்ட், வலியே இருக்காது. போனதைக் கொண்டு வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம், தேவைப்பட்டா ஹியரிங் எய்ட் வெச்சுக்கலாம். அப்பாவுக்குப் போன வருஷம்தான் எடுத்தோம். அந்த கிராஃப் 4000-கிட்ட பள்ளத்துல விழுறதைப் பார்த்துட்டு அவர் கேட்டது, "இது முன்னாடியே தெரியுமா?"

தெரியும். ஸ்கூல் புக்குல செல் பாடம் இருக்கு, காது படம் இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே தறி ஓடிட்டு இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல ஆள் இல்ல.

சிட்டியில இருக்குறவங்களுக்கு ஒண்ணு. உங்க பக்கத்துல தறி இல்ல, ஆனா இயர்பட்ஸ் இருக்கு. சத்தமாக் கேக்குற பழக்கத்தால 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்களோட காது ஆபத்துல இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மெட்ரோவுல, பஸ்ல, வெளிச் சத்தத்தை அமுக்கறதுக்காக வால்யூமை ஏத்தறோம்ல, அதுதான் மோசம். போன்லயே ஹெட்போன் வால்யூமுக்கு லிமிட் வைக்கிற செட்டிங் இருக்கும், தேடிப் பாருங்க.

ஸ்கூல் பசங்களுக்கு ஹோம்வொர்க். ஒரு பஞ்சு இழையைப் பிரிச்சு ஸ்கேல் மேல வெச்சு அளந்து பாருங்க, ஒரு செல்லோட நீளத்தை அளந்தவங்க ஆயிடுவீங்க. அப்புறம், வீட்டுல யாராவது மில்லுலயோ தறியிலயோ வேலை செஞ்சா அங்க ஒரு தடவை போங்க. கை நீட்டினா தொடுற தூரத்துல இருக்குறவர்கிட்ட கத்தித்தான் பேச முடியுதுன்னா, 85-ஐத் தாண்டிடுச்சுன்னு வெச்சுக்கலாம். அவங்களுக்கு ஒரு ஜோடி இயர்பிளக் வாங்கிக் கொடுங்க. எப்படி வைக்கணும்னு நீங்களே வெச்சுக் காட்டுங்க.

அடுத்த எபிசோடுல பஞ்சுத் தூசியும் நுரையீரலும். வால்யூமை ரெண்டு புள்ளி குறைச்சுட்டு வாங்க, பேசுவோம்.