வளைவுகளின் பெயர்கள்: ஓர் ஆங்கிலேய விளையாட்டுக் கூடமும் நம் தோட்டத் தமிழும்



இத்தொடரில் இதுகாறும் இலக்கணமும் இலக்கியமும் பேசப்பட்டு வந்தன. இன்றைய பொழிவோ, இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கணினி விளையாட்டு ஆக்கக் கூடத்தைப் பற்றியது. தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "பேரப்பிள்ளைகளை ஏசப் போகிறீர்களா ஐயா?" என்று வினவினார். அது நம் நோக்கமன்று. ஓர் இடத்தை நுணுகிப் பார்த்து, அதனைச் சொல்லாகவும் வடிவமாகவும் மாற்றிப் பிழைத்த ஒரு கூடத்தின் கதை இது. அக்கதையில் நம் பக்கத்து நிலமும் வருகின்றது.

கூடத்தின் பெயர் கோட்மாஸ்டர்ஸ். 1986 ஆம் ஆண்டில் ரிச்சர்டு டார்லிங், டேவிட் டார்லிங் என்னும் உடன்பிறந்தோர் இருவர் அதனைத் தொடங்கினர். இருவருக்கும் அகவை இருபதை ஒட்டியே இருந்தது. ஒலிநாடாவில் பதிந்த விளையாட்டுகளை 1.99 பவுண்டுக்கு விற்றனர். பள்ளிப் பிள்ளை தன் கைச்செலவுப் பணத்தில் வாங்கத்தக்க விலை. அவற்றுள் பலவற்றின் பெயர் 'சிமுலேட்டர்' என்று முடியும். மிதிவண்டிப் பந்தயத்திற்கும் சிமுலேட்டர், மகிழுந்துப் பந்தயத்திற்கும் சிமுலேட்டர். உள்ளே இருந்தவை எளிய ஆட்டங்களே. உண்மையின் சாயல் அவற்றில் மிகக் குறைவு. பெயர் முன்னே வந்தது, பொருள் பல்லாண்டு கழித்தே வந்து சேர்ந்தது. சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு இது புதிய காட்சியன்று.

1987 இல் ஆலிவர் இரட்டையர் படைத்த 'டிஸ்ஸி' என்னும் முட்டை வடிவப் பாத்திரம் அக்கூடத்திற்குப் புகழ் தேடித் தந்தது. பின்னர் வார்விக்சயர் மாவட்டத்துச் சௌதம் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணைக் கட்டடங்களில் அது நிலைகொண்டது. 'கேம் ஜீனி' என்னும் கருவியை முன்னிட்டு நிண்டெண்டோ அமெரிக்காவில் வழக்காடியதும், அவ்வழக்கில் நிண்டெண்டோ தோற்றதும் சட்டத்துறையார் பேச வேண்டியவை. நாம் கடந்து செல்வோம்.

நமக்கு வேண்டிய ஆண்டு 1998. அவ்வாண்டில் 'காலின் மெக்ரே ராலி' வெளிவந்தது. ராலிப் பந்தயத்தில் ஓட்டுநர் அருகே ஒருவர் அமர்ந்து வழி கூறுவார். முன்னரே பாதையைப் பார்த்து எழுதிய குறிப்பை அவர் இடைவிடாது படிப்பார். வரும் வளைவு இடமா வலமா, அது எத்துணைக் கடியது, அதற்கப்பால் மேடா பள்ளமா, ஓரத்தை ஒட்டலாமா கூடாதா என்பனவே அதன் உள்ளடக்கம். வினைமுற்றுக்கு அங்கே இடமில்லை, வேற்றுமை உருபுக்கும் வேலையில்லை. காணாத வளைவைக் காதால் காணச் செய்யும் ஒரு குறுமொழி அது. மெக்ரேயின் வழிகூறுநரான நிக்கி கிரிஸ்ட்டின் குரலையே கூடத்தார் விளையாட்டில் பதிந்து வைத்தனர். அக்குரலைப் பொருட்படுத்தாதவன் மரத்தில் மோதினான். ஒரு வட்டாரத்தின் மண்ணை அறிந்த மொழி விளையாட்டின் அழகுக்காக அல்லாமல், அதன் உயிராகவே அமைந்த முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக நாம் இதனைக் கொள்கிறோம்.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர்க்கு இக்குறுமொழி அயலானதன்று. விடியுமுன் தலைவிளக்கின் சிற்றொளியில் பால்மரக் காட்டுக்குள் இறங்கியவர்கள் நீங்கள். பெரட்டில் நின்றபோது மண்டோர் சொன்ன இரண்டொரு சொல்லே உங்கள் வழி: எந்தக் காடு, எத்தனையாம் நிரை, எந்தச் சரிவு. 'பரேடு' பெரட்டானது, மலாயின் 'கெத்தா' கித்தாவானது, மங்கு, ஒட்டுப்பால், காண்டாவாளி என்று ஒரு தொழில்மொழி முழுதுமே இங்கு உருவாயிற்று. துரைமார் தம் ஏடுகளில் காடுகளை நட்ட ஆண்டாலும் எண்ணாலும் குறித்தனர். வெட்டியவர்களோ கோயிலாலும் ஓடையாலும் பாறையாலும் முதல் கங்காணியாலும் குறித்தனர். பகாவ் வட்டாரத்தில் நாம் சொல் திரட்டியபோது, அம்மன் கோயில் காடு, ஆத்தோரக் காடு, கல்லுமலைக் காடு என்று பெயர்கள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. அவற்றுள் ஒன்றேனும் நில அளவைப் படத்தில் இல்லை.

இனி 2010. அவ்வாண்டு கோட்மாஸ்டர்ஸ் 'எஃப்1 2010' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அப்பருவத்தின் பந்தயத் தடங்கள் அனைத்தும் அதில் உண்டு. நிலாயிலிருந்தும் லாபுவிலிருந்தும் சிறிது நேரத்தில் சென்றடையும் சிப்பாங் தடமும் அவற்றுள் ஒன்று. 1999 இல் திறக்கப்பட்ட அத்தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. தோட்டக்காடாக இருந்த நிலப்பரப்பில் எழுந்த தடம் அது. விளையாட்டில் அதன் ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு ஏற்றமும், மழைநீர் தேங்கும் சாலையும் உண்டு. பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதற்குக் கிட்டியது.

அவ்வளைவுகளுக்குப் பெயர்களும் உண்டு: பங்கோர் லாவுட், லங்காவி, கெந்திங், கே.எல்.ஐ.ஏ. மூன்று சுற்றுலாத் தலங்கள், ஒரு வானூர்தி நிலையம்! அம்மண்ணில் பிறந்த பெயர் ஒன்றுமில்லை. இதற்காக அவ்விளையாட்டுக் கூடத்தை நாம் குறைகூற இயலாது. எழுதப்பட்டிருந்த பெயர்தான் அவர்கள் கைக்கு எட்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியம் என்று பல மொழிகளில் அவ்விளையாட்டு வந்தது. மலாய் இல்லை, தமிழும் இல்லை. இத்தனைக்கும் அதே 2010 இல் அந்நிறுவனத்தின் சரிபாதி இந்தியாவின் ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. கோலாலம்பூரில் அதற்கு ஒரு கிளையும் இருந்தது. உடைமையாளர் யார் என்பதைக் கொண்டு மொழி இடம்பெறுவதில்லை என்பதை நம் மக்கள் வேறு வழியிலும் அறிவர். 1981 செப்டம்பர் 7 அன்று இலண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப்பொழுதிலேயே கத்ரி நிறுவனம் மலேசியாவின் கைக்கு மாறியது. கத்ரியின் தோட்டங்களில் பிறந்தோர் இவ்வவையில் பலர் இருக்கக்கூடும். மறுநாள் பெரட்டில் உங்கள் காட்டின் பெயர் மாறிற்றா? ஏட்டில் ஏறிற்றா?

சிப்பாங்கில் எஃப்1 பந்தயம் இறுதியாக நடைபெற்றது 2017 இல். அடுத்த ஆண்டு வெளிவந்த விளையாட்டில் சிப்பாங் இல்லை. 2018 இல் பங்குச் சந்தையில் நுழைந்த கோட்மாஸ்டர்ஸ், 2021 பிப்ரவரியில் ஏறத்தாழ 120 கோடி அமெரிக்க டாலருக்கு எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனத்துக்குள் அடங்கியது. ஆயினும் பழைய விளையாட்டைத் திறந்தால் 2010 இன் சிப்பாங் இன்றும் வளைவு வளைவாக ஓடும். அது அமைந்த தோட்டக்காட்டைத் திறந்து காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

இளையோர் சிலர், தமிழுக்கும் இத்துறைக்கும் என்ன தொடர்பு என்று எண்ணலாம். டொரோண்டோவில் அபி என்னும் தமிழரின் முன்னெடுப்பில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு கூடம் 2023 சூலை 31 அன்று 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம்: தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தாய்வழி வந்த சமையற்குறிப்பேடு சிதைந்துபோயிருக்கிறது. அழிந்த வரிகளில் என்ன இருந்திருக்கும் என்று உய்த்துணர்ந்து இட்டலியும் புட்டும் ஆக்க வேண்டும், ஆட்டமே அதுதான். சுவடிப் பதிப்பாசிரியர் செய்யும் வேலை இது என்று கண்டு நாம் மகிழ்ந்தோம். 2024 இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்கு வழங்கப்பட்டது. ராலியில் வழிகூறுநரின் குறிப்பு எதுவோ, வெண்பாவில் தாயின் ஏடு அதுவே. ஆனால் அங்கே ஓர் ஏடாவது இருந்தது. சிதைந்திருப்பினும், யாரோ ஒருவர் எழுதி வைத்திருந்தனர். நம் காடுகளின் பெயர்களை எழுதி வைத்தவர் இல்லை. வாயில் வைத்திருப்பவர்களே உள்ளனர்; அவர்களின் அகவை எழுபதைத் தாண்டிவிட்டது.

சிரம்பானிலும் நிலாயிலும் கல்லூரிகளில் கணினி பயிலும் நம் பிள்ளைகள் நாளை ஒரு லயத்தையும் ஆயாக்கொட்டகையையும் திரையில் எழுப்ப விரும்பக்கூடும். மரத்தையும் மங்கையும் படம் பார்த்து வரைந்துவிடுவர். இருட்டில் எந்தச் சரிவில் எப்படி இறங்குவது என்று வழிகூறும் குரலை அவர்கள் எங்கிருந்து பெறுவர்?

மண்டபத்தின் பின்புற மேசையில் நெகிரி செம்பிலானின் பழைய நில அளவைப் படங்களை மன்றத்தார் விரித்து வைத்துள்ளனர், கரிக்கோல்களும் உண்டு. தேநீருக்குச் செல்லும் வழியில், நீங்களோ உங்கள் அன்னையோ பால் வெட்டிய காட்டைத் தேடிப் பிடித்து, அழைத்த பெயரை அழைத்தபடியே எழுதுங்கள். எழுத்துப்பிழை குறித்துக் கவலை வேண்டா. அம்மையார் சிலர்க்குக் கண் மங்கலாயின், அருகில் நிற்கும் மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்வர்.