கம்பி இழுப்பவனும் சட்டமும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் மேடையில் நின்று மின்சாரக் கம்பியைப் பற்றிப் பேசப் போகிறாரே இந்தத் தலைமையாசிரியர் என்று உங்களிற் சிலர் வியக்கலாம். அண்ணல் அம்பேத்கரை நாம் சட்ட மேதையாக அறிவோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்தபோது, மின்சாரமும் அவர் பொறுப்பிலேதான் இருந்தது என்பதைப் பலர் அறியார். மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944ஆம் ஆண்டு அமைந்தது அவர் காலத்தில்தான். ஆகவே சட்டத்தையும் மின்சாரத்தையும் சேர்த்துப் பேசுவது, அவர் படம் மாட்டியிருக்கும் இந்த மண்டபத்திற்குப் பொருத்தமற்றது ஆகாது என்றே எண்ணுகிறேன்.

நம் காலனி வீடுகளுக்கு மின்சாரம் எப்படி வந்தது என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்குக் குடிசைக்கு ஒரு விளக்கு என்ற அளவிலேதான் அது முதலில் வந்தது. ஒரு குண்டு பல்பு எரிவதற்குப் போதுமான மெல்லிய கம்பி. அதற்கேற்ற ஒரு ஸ்விட்ச். பின்னர் 2006ஆம் ஆண்டுக்குப்பின் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011ஆம் ஆண்டுக்குப்பின் மின்விசிறியும் மிக்சியும் கிரைண்டரும் வந்தன. பிள்ளைகள் வேலைக்குப் போனதும் இஸ்திரிப் பெட்டியும் குளிர்பெட்டியும் வந்தன. எல்லாம் வந்தன, கம்பி மட்டும் பழைய கம்பியாகவே இருந்தது. விளக்கின் இணைப்பிலிருந்து ஒரு கிளை, அந்தக் கிளையிலிருந்து இன்னொரு கிளை என்று, கத்தியால் தோலைச் சீவி முறுக்கி, நாடா ஒட்டி, வீட்டுக்கு வீடு நாமே இழுத்துக்கொண்டோம்.

இதில் உள்ள அபாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும். கம்பியில் ஓடும் மின்சாரம் இரு மடங்கானால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். முறுக்கிக் கட்டிய இணைப்பு தளர்ந்திருந்தால் அந்த இடமே முதலில் கனலும். மேலே கூரை ஓலையாக இருந்தால் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஃபியூஸ் இருக்கிறதே, காப்பாற்றாதா என்பீர்கள். ஃபியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று. ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் உருகுவதற்கு ஐந்து ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனித இதயத்தை நிறுத்த அதில் நூறில் ஒரு பங்கே போதும். அந்த ஃபியூசும் அடிக்கடி போகிறது என்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் நம்மிடையே உண்டு. வலிக்கிறது என்பதற்காக நாடி பார்ப்பவரை வெளியே அனுப்புவது போன்றது அது.

இவ்வளவும் அறிவியல். இனி நான் பேச வந்த சட்டத்திற்கு வருகிறேன்.

மின்கம்பம் முதல் உங்கள் வீட்டு மீட்டர் வரையிலான கம்பி மின் வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்கு இப்பால் உள்ள ஒவ்வோர் அங்குலமும் வீட்டுக்காரரின் பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டை முதலில் மனத்தில் நிறுத்துங்கள். மத்தியப் பிரதேசத்தில் 1997ஆம் ஆண்டு ஒரு மழை இரவில், தொழிற்சாலையிலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர், தண்ணீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பியை மிதித்து மாண்டார். வேறு ஓர் ஆள் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு மின்சாரம் எடுத்ததால் அந்தக் கம்பி விழுந்தது, நாங்கள் பொறுப்பல்ல என்று மின் வாரியம் வாதாடியது. உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்பவர், தம்மிடம் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதனால் விளையும் கேட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விதவையான அந்தத் தாய்க்கு இழப்பீடு கிடைத்தது. நம் போன்ற ஏழைகளுக்கு அரிய பாதுகாப்பு இது. ஆனால் மரணம் மீட்டருக்கு இப்பால், நாமே இழுத்த கம்பியால் நேர்ந்தால் வாரியத்தின் கதவைத் தட்டிப் பயன் இல்லை. அப்போது கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கம்பி இழுத்தவன் யார்?

பல்பு மாற்றலாம், ஃபியூஸ் போடலாம், பழுதான ஸ்விட்சையோ மின்விசிறியையோ மாற்றலாம். இவற்றை வீட்டுக்காரரே செய்துகொள்ள விதி இடம் கொடுக்கிறது. புதிய இணைப்பு, கூடுதல் இணைப்பு, மாற்றம் ஆகியவற்றை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். இது நேற்று வந்த விதி அன்று. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே உள்ளது; இன்றைய பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. விதி தெரியாது என்று சொன்னால் நீதிமன்றம் கேட்காது.

ஒருவருடைய அலட்சியத்தால் இன்னொருவர் இறந்தால் அது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டாண்டாக இருந்த சிறைத்தண்டனை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை உயர்ந்துள்ளது. இது இரு தரப்பாரும் சமாதானம் செய்துகொண்டு முடிக்கக்கூடிய குற்றம் அன்று. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தொகையைப் பேசி முடித்தாலும் வழக்கு வழக்காகவே நிற்கும். இதற்கு அப்பால், இறந்தவரின் குடும்பத்தார் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். அதற்குக் கெடு, மரண நாளிலிருந்து இரண்டே ஆண்டுகள்.

இப்போது நான் நம் பையன்களைப் பற்றிப் பேச வேண்டும். நம் காலனியில் மட்டும் எத்தனை பேர் வயர்மேன் வேலை செய்கிறார்கள்! எவரிடமோ கூடமாட இருந்து, கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள். கைத்திறனில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு மாணவன், பக்கத்து ஊரில் வசதியான ஒருவர் வீட்டுக்குக் கம்பி இழுத்தான். எர்த் போடக் குழி தோண்ட வேண்டும், குழாயும் கரியும் உப்பும் வாங்க வேண்டும் என்று சொன்னான். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது விளக்கை எரியவிடு என்றார் வீட்டுக்காரர். எரியவிட்டான். ஆறு மாதம் கழித்து, ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்ட வேலைக்காரப் பெண்மணி இறந்துபோனார். அவரும் நம் தெருவைச் சேர்ந்தவரே. காவலர் வந்தபோது வீட்டுக்காரர் விரலை நீட்டியது இந்தப் பையனை நோக்கி. எர்த் வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை. உரிமம் எங்கே என்று கேட்டார்கள்; அதுவும் இல்லை. வழக்கு நான்கு ஆண்டு நடந்து, போதிய சான்று இல்லை என்று விடுதலையானான். அந்த நான்கு ஆண்டும் அவன் எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும், வழக்கு நிலுவையில் உண்டா என்ற இடத்தில் பேனா நின்றது. இறந்த பெண்மணியின் பிள்ளைகளுக்கோ, எவரிடமிருந்தும் ஒரு காசு வரவில்லை. உரிமம் இல்லாதவனை வைத்து மலிவாக வேலை வாங்கிய வீட்டுக்காரரும் சட்டத்தின் முன் பொறுப்பாளிதான். ஆயினும் பொறுப்பு என்பது தண்ணீர் போல. பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது. காகிதம் இல்லாதவன் நிற்கும் இடமே பள்ளம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றி மின்கம்பி கட்டச் சொல்லும் நிலக்காரர்கள் இருக்கிறார்கள். கூலிக்காக அதைக் கட்டாதீர்கள். அதில் ஆள் இறந்தால், மரணம் விளையும் என்று அறிந்தே செய்ததாகக் கொண்டு, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற கடுமையான பிரிவிலேயே வழக்கு வரும். அவர் சொன்னார், நான் கட்டினேன் என்பது அங்கே செல்லாது. மின்கம்பத்தில் கொக்கி போடுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி திருட்டு. மூன்றாண்டு வரை சிறை. நம் விழாப் பந்தலின் சீரியல் விளக்குக்கும் இது பொருந்தும். தற்காலிக இணைப்புக்குப் பணம் கட்டுவது விழாக்குழுவின் முதற் செலவாக இருக்கட்டும்.

அடுத்து, காப்பீடு. நம் மக்கள் இதைப் பணக்காரர் சங்கதி என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டுக்கு 20 ரூபாய். வங்கிக் கணக்கு உள்ள, 18 முதல் 70 வயது வரை உள்ள எவரும் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்திற்கு 2 லட்சம். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் அந்த 20 ரூபாய் கணக்கில் இல்லாவிட்டால் காப்பு நின்றுபோகும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே தாய்மார்கள் கூர்ந்து கேட்க வேண்டும். மின்சாரம் தாக்கி ஒருவர் இறந்தால் நம் தெருவில் என்ன நடக்கிறது? உடலை அறுக்கக் கூடாது, போலீஸ் வேண்டாம் என்று அழுது, அன்று மாலையே அடக்கம் செய்துவிடுகிறோம். அந்தத் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல், அது விபத்து என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எதைக் காட்டி நிறுவுவது? வாரியத்தின் கம்பி என்றால் வாரியத்திடம் எதைக் காட்டுவது? உடலோடு சேர்த்து உரிமையையும் புதைத்துவிடுகிறோம். அன்று ஒரு நாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள். சங்கத்திலிருந்து படித்த பிள்ளை ஒருவர் உடன் வருவார்.

ஆயுள் காப்பீட்டில் விபத்துக்கென்று தனியே சேர்க்கும் பலனில், சட்டத்தை மீறிய செயலால் இறந்தால் பணம் இல்லை என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். கொக்கி போடும்போது இறந்தவருக்கு அந்த வாசகம் குறுக்கே நிற்கும். வீட்டுக்குத் தீக்காப்பீடு எடுத்திருப்போருக்கு ஒரு செய்தி: மின்கசிவால் எரிந்துபோன ஸ்விட்சுக்கோ மோட்டாருக்கோ பணம் தரமாட்டார்கள், அதிலிருந்து பரவிய தீயால் எரிந்த மற்றப் பொருள்களுக்குத் தருவார்கள். வீட்டுக்காரரின் வெறும் கவனக்குறைவு அதைத் தடுக்காது. வேண்டுமென்றே செய்ததும், உண்மையை மறைத்துப் பாலிசி எடுத்ததும் தடுக்கும்.

வயர்மேன் வேலை செய்யும் இளைஞர்களுக்குத் தெரியாத ஒன்று இதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அத்துடன் விலகிவிடாது. அவருடைய இடத்தில் தான் நின்று, தீக்குக் காரணமானவர்மீது வழக்குத் தொடர அதற்குச் சட்டத்தில் உரிமை உண்டு. வீட்டுக்காரர் உங்களை மன்னித்துவிட்டாலும், உங்களை முன்பின் பார்த்திராத நிறுவனம் நோட்டீசு அனுப்பலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆர்.சி.டி. என்னும் உயிர்காக்கும் கருவியை மெயின் ஸ்விட்சுக்கு அருகில் பொருத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடிக்காதீர்கள். துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு போதும். வேலை செய்தவரிடம், அவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும், என்ன செய்தார் என்று தேதியிட்ட ரசீது வாங்கி வையுங்கள். அந்த ரசீது இரு தரப்பையும் காக்கும்.

வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. 21 வயது நிரம்பி, ஒயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் எழுதலாம். பட்டமோ பட்டயமோ கேட்பதில்லை. உதவியாளர் என்ற நிலையில் மேற்பார்வையின்கீழ்தான் வேலை செய்ய முடியும் என்றாலும், ஐ.டி.ஐ. வாயிலில் நுழைய முடியாமற்போன நம் பிள்ளைகளுக்கு அது அரசாங்க முத்திரை பதித்த முதல் காகிதம்.

தடை தேர்வு அன்று. அந்த ஐந்தாண்டு அனுபவத்திற்குச் சான்று கையெழுத்திடுவது யார் என்பதே தடை. பத்தாண்டு ஏணியைச் சுமந்தவன் பெயர் எந்த ஒப்பந்தக்காரரின் பதிவேட்டிலும் இல்லை. இதைத் தனியொருவன் போய்க் கேட்டால் கிடைக்காது. சங்கம் கேட்டால் கிடைக்கும். ஆகவே செயலாளர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்கள் மூவர் நால்வரையேனும் நம் சங்கத்தின் சார்பில் நேரில் சென்று காண வேண்டும். நம் பிள்ளைகளின் பெயர்களை இன்றுமுதல் அவர்கள் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை நான் பாடம் எடுக்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் கூட்டம் கலைவதற்கு முன், வாயிலருகே வைத்திருக்கும் நோட்டில் பெயரும், எந்த ஆண்டுமுதல் வேலை செய்கிறீர்கள் என்பதையும், யாரிடம் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.