பெயருள்ள நிலங்களின் ஊடாக

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நிலமும் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். திணைக் கோட்பாட்டை விரித்துரைக்கத் தக்கோர் இவ்வவையில் பலர் உளர். எனக்கு ஓரளவு தெரிந்தது துவிச்சக்கர வண்டி ஒன்றே. ஆகவே, பர்கண்டியின் முந்திரிகைத் தோட்டங்களினூடாக இரண்டு நாள்கள் வண்டி மிதித்த அனுபவத்தைச் சொல்லி, அதன் வழியே தலைப்புக்கு வந்து சேர எண்ணுகிறேன். முந்திரிகை என்றதும் தமிழகத்து நண்பர்கள் பாயசத்தை நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தார் திராட்சையை அவ்வாறுதான் அழைப்போம். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வைன் விளையும் நாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான் அதைச் சுவைத்தறியாதவன். எனவே நாவின் சாட்சியத்தை என்னிடம் எதிர்பாராதீர்கள். கால்களின் சாட்சியம் மட்டுமே என்னிடம் உண்டு.

பாரிசிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் திஜோன் நகரை அடையலாம். அங்கிருந்து தெற்கே போன் நகர் வரை ஏறத்தாழ 45 கிலோமீற்றர். அறுவடைக்கு முந்திய செப்டெம்பர் காலைப்பொழுதில் புறப்பட்டேன். வலப்புறம் கிழக்கு நோக்கிய நீண்ட சரிவு; இடப்புறம் சோன் ஆற்றை நோக்கிப் பரந்து செல்லும் சமவெளி. இரண்டுக்கும் நடுவே, மர்சனே, பிக்சென், ழெவ்ரே என்று ஊர்களைக் கோத்துச் செல்லும் ஒடுங்கிய வீதி. நம் ஊரைப் போல் தலைக்கு மேலே பந்தலிட்டு இங்கு கொடி படரவிடுவதில்லை. கம்பியில் வரிசை வரிசையாகக் கட்டி, மார்பளவு உயரத்துக்கு மேற்படாமல் வெட்டிவிடுகிறார்கள்.

2024 ஆம் ஆண்டு யூலை மாதம், பிரான்சைச் சுற்றும் புகழ்பெற்ற ஓட்டப் போட்டியின் ஏழாம் கட்டம் இத்தோட்டங்களின் ஊடாகவே நடைபெற்றது. நுய்-சென்-ழோர்ழ் ஊரிலிருந்து ழெவ்ரே வரையிலான 25.3 கிலோமீற்றரை பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனெபோல் 29 நிமிடத்துக்குள் கடந்து வென்றார். அறுபதைக் கடந்த முழங்கால்களை உடைய எனக்கு அவ்வளவு தூரத்துக்கு அரை நாளுக்கு மேல் தேவைப்பட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. காரில் செல்வோர்க்கு அந்தச் சரிவு முழுவதும் ஒரே பச்சைக் கம்பளம். மெல்ல மிதித்துச் செல்பவனுக்கு நூறடிக்கு ஒருமுறை நிலம் மாறுவது புலப்படுகிறது. இங்கே மண் சிவக்கிறது, அங்கே வெளுக்கிறது, அப்பால் சுண்ணக்கல் சில்லுகள் வெயிலில் மின்னுகின்றன. ஏற்றம் கூடுவதையும் குறைவதையும் கண்ணுக்கு முன்னரே தொடை உணர்ந்து சொல்கிறது.

இவ்வாறு மாறும் ஒவ்வொரு துண்டுக்கும் அங்கே ஒரு பெயர் இருக்கிறது. பெயர் பெற்ற அத்துண்டினைக் 'கிளிமா' என்கிறார்கள். வேறிடங்களில் தட்பவெப்பத்தைக் குறிக்கும் அச்சொல், பர்கண்டியில் எல்லை வகுத்துப் பெயரிட்ட முந்திரிகை நிலத்தைக் குறிக்கும். திஜோனுக்குத் தெற்கே நீளும் இச்சரிவில் 1,247 கிளிமாக்கள் உள்ளன. 2015 இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ழெவ்ரே ஊரின் கதை சுவையானது. அவ்வூர் எல்லையில் ஷாம்பெர்த்தென் என்றொரு கிளிமா உண்டு. பெர்த்தென் என்ற உழவனின் வயல் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். அந்நிலத்தின் புகழ் ஓங்கவே, 1847 இல் ஊர் தன் பெயரோடு வயலின் பெயரையும் சேர்த்து ழெவ்ரே-ஷாம்பெர்த்தென் ஆயிற்று. மன்னர் பெயரைச் சூடிய ஊர்களை நாம் அறிவோம். இங்கே ஓர் ஊர், உழவனின் வயற்பெயரைச் சூடிக்கொண்டது.

நண்பகலில் வூழோ ஊரை அடைந்தேன். சீத்தோ மடத்துத் துறவியர் 12 ஆம் நூற்றாண்டில் பண்படுத்தத் தொடங்கி, பின்னர் கல்மதில் எழுப்பிய தோட்டம் அங்கே உள்ளது. பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேயர். பிரெஞ்சுப் புரட்சியின்போது மடத்தின் கையை விட்டுப் போயிற்று. ஆயினும் 1889 வரை ஒரே உடைமையாக இருந்தது. இன்று அதே மதிலுக்குள் 80 க்கும் மேற்பட்ட உடைமையாளர்கள் உளர். உடைமை சிதறியும் பெயர் சிதறவில்லை.

அம்மதிலருகே, சரிந்த கற்களை அடுக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எனக்குத் தண்ணீர் தந்தார். எந்த ஊர் என்று கேட்டார். இலங்கையின் வடபகுதி என்றேன். எங்கள் ஊரிலும் முந்திரிகை விளையும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "உங்கள் தந்தையாருக்கும் நிலம் இருந்ததா? அதன் பெயர் என்ன?" என்றார். நான் ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். "ஊரைக் கேட்கவில்லை ஐயா, நிலத்தைக் கேட்டேன்."

அன்பர்களே, எனக்கு விடை தெரியவில்லை.

நம் காணி உறுதிகளை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முதலிற் பெயர். அதன்பின்னரே பரப்பும் நாற்றிசை எல்லைகளும். எங்கள் உறுதி 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலே தொலைந்தது. பெயரும் அதனோடு போயிற்று என்பதை அந்த மதிலடியில்தான் உணர்ந்தேன்.

அங்கிருந்து தெற்கே வோன்-ரொமானே. ரொமானே-கோந்தி என்னும் கிளிமா அங்கேதான் இருக்கிறது. 1.8 ஹெக்டேயர் மட்டுமே பரப்புள்ள அச்சிறு நிலத்தின் ஓரத்தில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரை அரிக்கும் பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டியே மீண்டும் பயிரிட்டார்கள். இந்நிலத்தவரோ 1945 வரை பழைய கொடிகளை ஒட்டாமலே காத்தனர். இறுதியில் அவற்றையும் பிடுங்க வேண்டியதாயிற்று. 1946 முதல் 1951 வரை அந்நிலத்தின் பெயரில் வைன் இல்லை. கொடியே இல்லாத காலத்திலும் அப்பெயர் அங்கே இருந்தது. புதுக்கொடி வளர்ந்து பழுத்தபோது, அதற்குச் சூட்டப் பெயர் காத்திருந்தது.

மாலையில் போன் நகரம். 1443 இல் நிக்கொலா ரொலென் தம் மனைவியாருடன் ஏழை நோயாளர்க்காக நிறுவிய மருத்துவசாலை, வண்ண ஓடு வேய்ந்த கூரையோடு இன்றும் நிற்கிறது. அதற்குக் கொடையாக வந்த தோட்டங்களின் விளைச்சலை 1859 முதல் ஏலமிடுகின்றனர். கொடையாளர் பெயர்கள் அந்த வைன்களுக்கு இடப்பட்டுள்ளன. அம்முற்றத்தில் நின்றபோது மனம் பொறுக்காமல் ஊரிலுள்ள தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே இரவு பத்து மணி கடந்திருந்தது. கேள்வியைக் கேட்டதும் அவர் சிரித்தார். "ஏன்ரா தம்பி, பேரையும் மறந்து போனியே? ஆலங்கலட்டியெல்லே! கிணத்தடியில ஐயா வெங்காயம் நட்டவர்."

அக்காவுக்கு வயது எழுபத்தாறு. அவரன்றி அப்பெயரை அறிந்தோர் எங்கள் குடும்பத்தில் எவருமில்லை.

மறுநாள் போனிலிருந்து சாந்தனே வரை, தோட்டங்களுக்குள்ளேயே செல்லும் துவிச்சக்கர வண்டிப் பாதை. பொமார், வொல்னே, மேர்சோ என ஊர்கள் வந்தன. மேர்சோவுக்கும் புளினிக்கும் இடைப்பட்ட சரிவில் 'பெரியேர்' என்றொரு கிளிமா. கல்லகழ்ந்த இடம் என்பது அதன் பொருள். வண்டியை நிறுத்தி அப்பெயரை வாய்விட்டுச் சொன்னேன். பிறகு ஆலங்கலட்டி என்றேன். கலட்டி என்றால் சுண்ணக்கல் தலைநீட்டும் வன்னிலம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலும் சுண்ணக்கல்லே. இச்சரிவின் அடியிலும் சுண்ணக்கல்லே. இரு நாட்டு உழவரும் மண்வெட்டி கல்லில் மோதிய ஓசையைக் கேட்டே பெயரிட்டிருக்கிறார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இப்பத்தாண்டுகளில் இவ்வட்டத்தில் 'என் மண்' என்று எத்தனை கவிதைகள் படித்திருக்கிறோம்! என்னுடையவையும் அவற்றுள் அடங்கும். எந்த மண் என்று அந்த முதியவர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடையிறுப்போம்? செம்மணலா, கலட்டியா, வயலா, வளவா? ஆலா, புளியா, இலுப்பையா? பெயர் சொல்லாமற் பாடும் ஏக்கம் எவருடைய ஏக்கமாகவும் இருக்கலாம். அதனாலேயே அது விரைவில் எவருடையதும் அன்றாகிவிடும். நம் பிள்ளைகள் நாளை கவிதை எழுதக்கூடும். ஆனால் நாம் சொல்லாத பெயரை அவர்களால் கற்பனை செய்துகொள்ள இயலாது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். வாயிலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வீடு திரும்புமுன் ஒவ்வொருவரும் தாம் அறிந்த ஒரு காணியின் பெயரை அதில் எழுதுங்கள். அறியாதோர் இன்றிரவே ஊருக்குத் தொலைபேசி எடுங்கள். அங்கே நேரமாகிவிட்டது என்று தயங்க வேண்டாம். அக்காமார் விழித்திருப்பார்கள்.

முதல் வரியை நான் எழுதிவிட்டேன்.