உடலும் சொல்லும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தர் பணி புரிபவன் நான். மருத்துவனும் அல்லன், புலவனும் அல்லன். எனினும், தந்தை என்ற முறையில் நான் செய்த பிழையொன்றை இங்குச் சொல்ல விரும்புகின்றேன்.

பிச்சாட்டூரில் நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் தெலுங்கில் படிக்கின்றனர். தமிழ் அவர்களுக்கு வீட்டிலும் நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலுமே கிடைக்கின்றது. என் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறினான். அவனுடைய மாலை விளையாட்டை நிறுத்தி, அந்நேரமும் புத்தகத்தின் முன் உட்கார வைத்தேன். ஆறு திங்கள் சென்றன. தமிழ் வரவில்லை, தமிழ்மேல் வெறுப்புத்தான் வந்தது.

தவறு எங்கே என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். செருமனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விரைந்து ஓடியபின் புதுச் சொற்களைக் கற்றவர்கள், சும்மா இருந்துவிட்டுக் கற்றபோதைவிட 20 விழுக்காடு விரைவாகக் கற்றனராம். 2011இல் அமெரிக்காவில் 120 முதியோரைக் கொண்டு நடத்திய ஆய்வு வெளியாயிற்று. ஓராண்டு நடைப்பயிற்சி செய்தோருக்கு, மூளையில் நினைவைப் பேணும் பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோருக்கோ அது சற்றே சுருங்கியிருந்தது.

நம் விளையாட்டுகளையே பாருங்கள். சடுகுடு ஆடுபவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் புகவேண்டும். பாட்டு நின்றால் ஆட்டம் போயிற்று. கும்மியில் கைத்தாளத்தோடு சொல்லும் மனத்தில் பதிகின்றது. அங்கே நாவும் காலும் ஒன்றாகவே பழகுகின்றன.

ஆனால், ஓடினாலே தமிழ் வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பயிற்சி நிலத்தை உழுது கொடுக்கும். விதையை நாம்தான் இடவேண்டும். புத்தகமும், ஆசிரியரும், வீட்டுப் பேச்சும் இன்றியமையாதவை.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு வகுப்புக்கு முன் அரைமணி நேரம் பிள்ளைகள் சடுகுடுவும் கும்மியும் ஆடட்டும். அண்டை வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடட்டும். வேர்வை உலர்ந்தபின் பாடம் தொடங்கலாம். பெற்றோராகிய நாமும் மாலையில் பிள்ளைகளை ஆரணியாற்று அணைப்பக்கம் அழைத்துச் சென்று, கதை சொல்லிக்கொண்டே நடப்போம்.

என் மகன் இப்போது மாலைதோறும் ஆடுகின்றான். சென்ற திங்கள், தான் பாடும் சடுகுடுப் பாட்டைத் தானே தமிழில் எழுதிக் காட்டினான். மூன்று பிழைகள் இருந்தன. அன்று நான் திருத்தவில்லை.