பில்டர் திணறும்போது நாம் கேட்டு வாங்க வேண்டியவை

(நம் சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் வளாகத்தில் நாலு வீடு இன்னும் விற்காமல் பூட்டிக் கிடக்கிறது. அவற்றின் பராமரிப்புத் தொகையை யார் தருவது என்று போன கூட்டத்தில் சத்தம் கூடிவிட்டது. பில்டர் ஏமாற்றுகிறார் என்று ஒரு தரப்பு. பாவம், அவரிடம் பணமில்லை என்று இன்னொரு தரப்பு. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

பில்டரிடம் பணம் எப்படி வற்றுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தஞ்சாவூரில் 2016 முதல் 2019 வரை அதை நாம் கண்ணெதிரே பார்த்தோம். வீடு வேண்டாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பணம் வருகிற வாய்க்கால்தான் ஒவ்வொன்றாக அடைபட்டது.

2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலம் மனையாவதைத் தடுக்க வந்த உத்தரவு. டெல்டாவில் இருந்துகொண்டு அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நம் ஊரில் ஃபிளாட் வாங்குகிற பலர், வல்லம் பக்கமோ நாஞ்சிக்கோட்டைப் பக்கமோ எப்போதோ வாங்கிப் போட்ட மனையை விற்றுத்தான் முன்பணம் கட்டுவார்கள். மனை நின்றால் ஃபிளாட்டும் நிற்கும். நவம்பர் 8-ல் பணமதிப்பிழப்பு வந்தது. அந்த வருடம் மேட்டூர் அணை திறந்ததே செப்டம்பர் 20-ல்தான். பருவமழையும் பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. சம்பா வீடு வந்து சேராத வருடத்தில் யார் அட்வான்ஸ் கொடுப்பார்கள்? 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது.

இவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது ஜிஎஸ்டி. 2017 ஜூலையிலிருந்து, கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 12 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஒன்றுமே கிடையாது. 40 லட்சம் வீட்டுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம் என்றால், வாங்குகிறவர் கட்டி முடியட்டும் என்று காத்திருக்கத்தானே செய்வார்? அவர் காத்திருந்தால் கட்டி முடிக்கப் பணம் வராது. 2019 ஏப்ரலில் இதை 5 சதவீதமாகவும், குறைந்த விலை வீடுகளுக்கு 1 சதவீதமாகவும் இறக்கினார்கள். அதோடு சிமெண்டுக்கும் கம்பிக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி போய்விட்டது.

சின்ன பில்டர் சொந்தப் பணத்தில் கட்டுவதில்லை. நிலக்காரரோடு ஜாயின்ட் வென்ச்சர் பேசுவார். மீதி புக்கிங் பணம், தனியார் ஃபைனான்ஸ். 50 லட்சத்தை இரண்டு வட்டிக்கு எடுத்தால் மாதம் 1 லட்சம். 18 மாதம் வீடு விற்காவிட்டால் 18 லட்சம் வட்டிக்கே போகும். முன்பெல்லாம் அடுத்த ப்ராஜெக்ட்டின் புக்கிங் பணத்தை எடுத்து இதை முடிப்பார்கள். ரெரா வந்து, வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்தின் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். பழைய பழக்கத்தில் ஓடியவர்களுக்கு மூச்சு முட்டியது. 2019 நவம்பரில் நின்றுபோன திட்டங்களுக்காக மத்திய அரசு 25,000 கோடி ரூபாயில் ஸ்வாமி நிதியை அறிவித்தது, ஆனால் அது ரெராவில் பதிந்த திட்டங்களுக்கு மட்டும். எட்டு வீடு வரை உள்ள கட்டிடத்துக்கு ரெரா பதிவே தேவையில்லை. நம் ஊர்ச் சின்ன பில்டர்கள் பலர் கட்டுவது அந்த அளவில்தானே!

சரி, நம் கதைக்கு வருகிறேன். பில்டர் திணறும்போது, குடியேறிவிட்ட வளாகத்தில் முதலில் நின்றுபோவது காகித வேலை. மூலப் பத்திரம், நிறைவுச் சான்று, லிஃப்ட் உரிமம், பொது மின் இணைப்பின் பெயர் மாற்றம், எல்லாம் "அடுத்த வாரம் சார்" ஆகிவிடும். இவற்றைக் கொடுக்க அவருக்குப் பெரிய பணம் தேவையில்லை. அதனால் முதலில் இவற்றைக் கேட்போம். அடுத்தது நம்மிடம் வசூலித்த கார்பஸ் நிதி. அது அவர் பணம் அல்ல. நாளைக்கு அவர் திவால் நடவடிக்கைக்குப் போனால், மற்ற கடன்காரர்களோடு நாமும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

விற்காத வீடுகளுக்கு அவர்தான் உரிமையாளர், பராமரிப்பும் அவர்தான் கட்ட வேண்டும். பணமில்லை என்றால் தவணை கொடுப்போம், தள்ளுபடி வேண்டாம். பாக்கி இவ்வளவு என்று எழுத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால், வீடு விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். அவர் விலையைக் குறைத்து விற்றால் நம் வீட்டு மதிப்பு இறங்கும் என்று சிலர் பயப்படுகிறீர்கள். விற்கட்டும் என்பதுதான் என் கருத்து. நாலு குடும்பம் வந்தால் மாதாமாதம் பராமரிப்பாவது வரும். அந்த நாலு வீட்டுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். அடமானம் இருந்தால், நாளை நம் பக்கத்து வீட்டுக்காரர் ஃபைனான்ஸ் கம்பெனியாக இருப்பார்!

இன்னொன்று. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை, தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா. பி பிளாக் மேல்தளத்தில் ஒழுகுவதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதாது. படத்தோடு, தேதி போட்டு, பதிவுத் தபாலில் கடிதம் போக வேண்டும். நமக்கு அந்தக் கெடு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொருளாளரும் நானும் சங்க அறையில் இருப்போம். அவரவர் கிரயப் பத்திர நகலையும், கார்பஸ் கட்டிய ரசீதையும் கொண்டு வாருங்கள். ரசீது இல்லாதவர்கள் பேங்க் ஸ்டேட்மெண்ட் கொண்டு வந்தாலும் போதும்.