வெட்டுறதுக்கு முன்னாடி முட்டுக் கொடுங்க: வீட்டிலேயே சரிசெய்த ஒரு பழைய எம்ஜிபி

"பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு மலிவா கிடைக்குது, வீட்லயே வெச்சு சரி பண்ண முடியுமா?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முடியும். நான் பண்ணியிருக்கேன். ஆனால் அதில் நான் செய்த பெரிய தப்பைச் சொல்லாமல் "முடியும்" என்று மட்டும் சொன்னால் அது நியாயம் இல்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

நான் இருப்பது இங்கிலாந்தில். வண்டி, 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர். இரண்டே சீட், மடக்கிவிடுகிற துணிக்கூரை. 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் இதைத் தயாரித்தார்கள். ஜிடி மாடலையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேலே. அதனால் உதிரி பாகங்களுக்கு இன்றைக்கும் பஞ்சம் இல்லை. முதல் முறை இறங்குகிறவர்களுக்கு நல்ல வண்டி.

என் வண்டி ஒரு கொட்டகையில் பல வருஷம் கிடந்தது. வீட்டுக்கு இழுத்து வந்ததும் நான் என்ன செய்தேன்? எல்லாரும் செய்வதைத்தான். நேரா எஞ்சினுக்குப் போயிட்டேன். 1798 சிசி, நாலு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். இரண்டு மாசம் சனி, ஞாயிறு முழுக்க அதிலேயே போனது. ஒரு நாள் சாயங்காலம் உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது பாருங்க, வேலையில் பாதி முடிந்தது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் டயரைக் கழற்றலாம் என்று பக்கவாட்டில் ஜாக்கி வைத்தேன். ஜாக்கி மேலே ஏறுது. வண்டி ஏறலை! தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி, ஜாக்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இந்த இடம் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். இந்த வண்டிக்குத் தனியாக சேஸ் கிடையாது. பாடிதான் சேஸ். இரும்புக் கூரையும் இல்லை. அப்படியானால் முன்பாதியையும் பின்பாதியையும் தொய்யாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது? பெரும்பாலும், கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற பெட்டி போன்ற பகுதிதான். அதற்கு 'சில்' என்று பெயர். பல தகடுகளைச் சேர்த்துச் செய்தது. முன் சக்கரம் வாரியடிக்கிற சேறு மட்கார்டுக்குள்ளே போய் அதன் முனையில் தேங்கும். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு வேறு தூவுவார்கள். துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டே வரும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும். அதனால் வாங்கும்போது ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்க. காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பு இல்லை, பட்டி.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். வெல்டிங் பழகிவிட்டோம் என்ற தைரியத்தில் இடது பக்க சில்லை முழுசா வெட்டி எடுத்தேன். புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தேன். பார்க்க அழகா இருந்தது. கதவை மாட்டினேன். மூடவில்லை. மேலே இடைவெளி குறுகிப்போய், கதவு பின்பக்கத் தூணில் இடித்தது. சில்லை வெட்டியபோதே வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. அந்தத் தொய்வோடு சேர்த்து நான் வெல்டு அடித்து நிரந்தரமாக்கி வைத்திருக்கிறேன்!

வேறு வழியே இல்லை. காசு கொடுத்து வாங்கிய புதுத் தகட்டை நானே வெட்டி எறிந்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை. வண்டியை வந்த விலைக்கு விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இரண்டாவது முறை செய்ததுதான் சரியான வரிசை. முதலில் பேட்டரி, பெட்ரோல் டேங்க் இரண்டையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்க. வெல்டிங் பொறி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. பிறகு ஸ்டாண்டுகளை நடுவில் வைக்காமல், வண்டி சக்கரத்தில் நிற்கும்போது எடை எங்கே இறங்குமோ அங்கே வைங்க. கதவை மாட்டி, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவு வருகிற வரை ஜாக்கியால் மெதுவாகத் தூக்கிச் சரிசெய்யுங்க. அதற்கு அப்புறம் கதவு வாசலின் முன்தூணிலிருந்து பின்தூணுக்கு ஒரு இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து வெல்டு அடியுங்க. இதுதான் முட்டு. முட்டுக் கொடுத்த பிறகுதான் வெட்டணும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். புதுத் தகட்டை முதலில் புள்ளிப் புள்ளியாகப் பிடிக்க வைத்து, கதவை மாட்டிப் பார்த்த பிறகு முழுசா அடியுங்க. எல்லாம் முடிந்ததும் சில்லுக்கு உள்ளே மெழுகு மருந்து அடிக்க மறக்காதீங்க.

"அது ரொம்பவே போயிட்டா?" என்று கேட்கலாம். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் எம்ஜிபிக்கு முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. விலை அதிகம். ஆனால் வெல்டிங்கில் நம்பிக்கை இல்லை என்றால் அதையும் கணக்குப் போட்டுப் பாருங்க.

கடைசியாக ஒன்று. இங்கே 40 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு வருடாந்தர எம்ஓடி சோதனை கட்டாயம் இல்லை. அதாவது நான் வீட்டில் அடித்த வெல்டை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த இடது பக்க சீட்டில் உட்காரப் போவது என் பொண்ணு. அதனால் நானே பணம் கட்டி, சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். பரிசோதகர் கீழே படுத்து, சில் முழுக்கத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து தலையாட்டினார். எஞ்சின் ஸ்டார்ட் ஆன அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லீங்க.

உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் துரு என்று எழுதுங்க. அடுத்த எபிசோடில் பிரேக் பற்றிப் பேசுவோம்.